வெற்றிலைப் பை எப்போது திறக்கிறது?

இலங்கையின் பசறை, மடுல்சீமை, நமுனுகுல தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலரது இடுப்பில் ஒரு சிறிய பை செருகியிருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்து மலையேறும்போது அது ஒருமுறை திறக்கும். கொழுந்து நிறுத்துக் கொட்டியதும் இன்னொரு முறை. பகல் சாப்பாட்டுக்கு முன், வயிறு கிள்ளும் நேரத்தில் கட்டாயம் திறக்கும்.

ஒரே இடம், ஒரே நேரம், உடனே கிடைக்கும் ஒரு சுகம்: இவை நாள்தோறும் சேர்ந்துவந்தால் யோசிக்காமலே கை பைக்குள் போகும். பாக்கிலுள்ள அரிகோலின் உடம்பை உசுப்பிப் பசியை அடக்குகிறது. புகையிலையின் நிகோட்டின் கூடச் சேர்கிறது. சுண்ணாம்பின் காரம் இரண்டையும் விரைவாக இரத்தத்தில் ஏற்றுகிறது. அரை வயிற்றோடு மழையில் நிற்கும் உடம்புக்கு இதைவிட மலிவான துணை வேறில்லை. ஆகவே இதை ‘அறியாமை’ என்று ஒதுக்குவது அநியாயம்.

கேடு உண்மையானதுதான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. பாக்கால் கன்னத்தின் உட்தசை இறுகி, ஒரு கவளம் சோற்றுக்குக்கூட வாய் திறக்காமல் போகிறவர்கள் உண்டு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களை அரசு 2016இல் தடைசெய்தது. பாக்கு மட்டும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது.

பழக்கம் இடத்தோடு ஒட்டியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பழக்கத்தைத் தூண்டிய கூட்டாளிகளும் இடமும் பின்னால் நின்றுவிட்டன. நம் பெண்களுக்கோ அதே லயன் வீடு, அதே மலை. அவர்கள் இடம் மாற முடியாது. அவர்களுடைய வேலைநாளைத்தான் மாற்ற வேண்டும்.

பெரட்டு முடிந்ததும் பால் தேநீரும் அவித்த கடலையும் கொடுக்கலாம். நிறுவைக்குப் பின் உட்கார்ந்து இளைப்பாறப் பத்து நிமிடம் விடலாம். தோட்ட டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை வெளிச்சம் பிடித்து வாயைப் பார்த்தால், புற்றுநோய்க்கு முன்னோடியான வெள்ளைத் திட்டுகள் ஆரம்பத்திலேயே அகப்படும். அம்மாயி தன் வாயிலிருந்து கிள்ளிப் பேரப்பிள்ளைக்கு ஊட்டும் முதல் வெற்றிலைத் துணுக்கை நிறுத்துவது வீட்டார் பொறுப்பு. இந்த மாற்றங்கள் பழக்கமாக நாள் பிடிக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் 2009 ஆய்வொன்றில், புதுப் பழக்கம் ஒன்று படிய 18 முதல் 254 நாட்கள்வரை ஆயிற்று, சராசரி 66. ஆனால் உலக புகையிலை எதிர்ப்பு தினமான மே 31ஆம் திகதிப் பேரணி அன்று மாலையே முடிந்துவிடுகிறது.

கடலைக்கும் தேநீருக்குமான செலவைக் கம்பனிகள் ஏற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாட்கூலியில் கழிபடக் கூடாது. அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் இரண்டையும் எழுத்தில் கேட்கட்டும்.