மவுஸை ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்!

கம்ப்யூட்டர் சென்டர்களில் முதல் நாளே மவுஸைத்தான் கையில் கொடுக்கிறார்கள். 'இப்படி நகர்த்து, அங்கே கிளிக் பண்ணு' என்பதோடு பாடம் முடிந்து விடுகிறது. கீபோர்டு என்றால் பெயர், விலாசம் அடிக்க மட்டும்தான் என்று படிக்க வருபவர்களும் நினைத்துக் கொள்கிறார்கள். இது தப்பு என்பது என் அபிப்ராயம். அதிலும் நம்மைப் போன்ற பெண்களுக்கு இதனால் பெரிய நஷ்டம்.

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு முடிந்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! இங்கிலீஷில் நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். அப்புறம் கல்யாணம், குழந்தைகள் என்று சர்டிபிகேட் பீரோவுக்குள் போய்விடும். விரல் மட்டும் மறக்காது.

எங்கள் திருத்தணியில் ஹையர் பாஸ் செய்த ஒரு பெண், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனாள். கடிதத்தை மளமளவென்று அடித்து விட்டாள். அதை சேவ் பண்ணவும் பிரிண்ட் எடுக்கவும்தான் அம்புக்குறியைத் துரத்திக் கொண்டிருந்தாள். 'ஸ்லோவா இருக்கீங்கம்மா' என்று அனுப்பி விட்டார்கள். கன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் சேவ், பி அழுத்தினால் பிரிண்ட் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வேலை அவளுக்குத்தான்.

மனப்பாடம் பண்ண பயமாக இருக்கிறதா? வேண்டவே வேண்டாம். வேர்டு, எக்ஸெல் எதுவானாலும் ஆல்ட் பட்டனை ஒரு தடவை தட்டி விட்டுப் பாருங்கள். மேலே ஒவ்வொரு மெனு பக்கத்திலும் ஒரு எழுத்து தெரியும். அந்த எழுத்தை அடித்தால் மெனு திறக்கும், உள்ளே இன்னும் எழுத்துக்கள் வரும். தப்பான இடத்துக்குப் போய் விட்டால் எஸ்கேப். பாரத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக டேப், பின்னால் வர ஷிஃப்டோடு டேப். ரைட் கிளிக்குக்குப் பதில் ஷிஃப்டோடு எஃப் 10. பத்து நாள் பழகினால் கை தானே போகும், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி.

இது புதுசும் இல்லை. வேர்டுஸ்டார், லோட்டஸ் படித்த அக்காக்களைக் கேளுங்கள். மவுஸே இல்லாமல்தான் அவர்கள் எல்லாம் செய்தார்கள். லோட்டஸில் மெனுவுக்குச் சாய்கோடு பட்டனை அழுத்துவார்கள். இன்றைக்கும் எக்ஸெலில் அதே பட்டனை அழுத்தினால் மெனு எழுத்துக்கள் வருகின்றன! கடைகளில் கணக்கு எழுதும் டாலியும் அப்படித்தான். எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 8 விற்பனை. தேர்ந்த கணக்காளர்கள் அதில் மவுஸைத் தொடுவதே அபூர்வம்.

கண் பார்வை இல்லாதவர்கள் முழுக்க முழுக்க கீபோர்டிலேயே கம்ப்யூட்டரை ஆள்கிறார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006-ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், அவரும் பார்வையற்றவர். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், கை நடுங்கும் பெரியவர்களுக்கும் இந்த வழி எத்தனை உதவி!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு லாபம். ஆந்திர எல்லை என்பதால் தமிழிலும் தெலுங்கிலும் அடித்துத் தரச் சொல்லி ஜெராக்ஸ் கடைகளுக்கு ஆட்கள் வருவார்கள். இரண்டு மொழியையும் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துவிட்டால், விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தியதும் மொழி மாறி விடும்.

சென்டர் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மணி நேரமாவது மவுஸைக் கழற்றி வைத்து வகுப்பு எடுங்கள். பணம் கட்டிச் சேரப் போகும் சகோதரிகளும், 'கீபோர்டிலேயே மெனு சொல்லித் தருவீர்களா?' என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

- ஒரு வாசகி, திருத்தணி.