பண்டிகை போனாலும் பருமன் போவதில்லை

தீபாவளி முதல் தைப் பொங்கல் வரை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது. படகு கரை ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மீனவர் நாள்கணக்கில் கரையிலேயே தங்க வேண்டியிருக்கிறது. உழைப்பு குறையும் வேளையில் உணவு கூடுகிறது. உடல் பருமன் உள்ளே புகும் வாசல் இதுதான்.

பக்கத்தில் பொன்னேரி வட்டாரத்து உழவர் வீடுகளிலும் நிலைமை வேறல்ல. ஒரு காலத்தில் தை அறுவடை என்றால் குனிந்து அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் அடித்துத் தூற்றும் வேலை. இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வயலைக் காலி செய்து விடுகிறது. ஏரியிலும் துடுப்பு வலித்த கைகளுக்குப் பதிலாகப் பல படகுகளில் இயந்திரம் ஓடுகிறது. இயந்திரம் வந்ததில் குற்றமில்லை. முதுகு ஒடியும் பாடு குறைந்தது நல்லதே. ஆனால் வேலை குறைந்த உடலுக்குப் பழைய அளவுச் சோறும், அதன்மேல் அதிரசமும் முறுக்கும் என்றால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

பட்டணத்து நோயா?

"தொந்தி பட்டணத்துப் பணக்காரர் சங்கதி; வலை இழுப்பவனுக்கும் ஏர் பிடிப்பவனுக்கும் ஏது?" என்று கேட்பார் உண்டு. முன்பு அது உண்மையாக இருந்திருக்கலாம். 2015-16ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100க்கு 31 பேர் அதிக எடை உடையவர்களாக இருந்தனர். 2019-21இல் அது 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28 என்பது 37 ஆயிற்று. அதே கணக்கெடுப்பில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகையும் காணப்பட்டது. ஆக, வயிறு நிறைகிறது. உடலுக்குச் சத்துச் சேரவில்லை. அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்து, பயறும் கீரையும் மீனும் குறைந்த தட்டின் விளைவு இது.

பண்டிகை நாலு நாள்தானே என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. 195 பேரை நிறுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விடுமுறைப் பண்டிகைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவே. ஆனால் கூடியது பிறகு இறங்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி. ஆண்டுக்கு அரைக்கால் அரைக்காலாக ஏறுவது யார் கண்ணுக்கும் படாது. பத்துப் பதினைந்து ஆண்டில் சட்டை பற்றாமல் போகும்போதுதான் தெரியும்.

காலே மூலதனம்

அழகு குறையும் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. பருமன் தனியாக வருவதில்லை. சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் கூட்டி வருகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

பழவேற்காட்டில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சேற்றில் சிப்பி ஓடும் முள்ளும் கிடக்கும். நெல் வயலிலும் அப்படியே. வெறுங்காலோடு இறங்குபவர்களே அதிகம். சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகும். குத்தியது தெரியாது, புண் ஆறாது, சீழ் பிடித்து விரலையோ காலையோ எடுக்க நேரிடும். அலுவலக நாற்காலியில் இருப்பவர் ஒரு காலை இழந்தாலும் பிழைத்துக்கொள்ள வழியுண்டு. சேற்றில் நின்று சம்பாதிப்பவருக்குக் கால் போனால் குடும்பத்தின் மூலதனமே போயிற்று.

செய்யக் கூடியவை

பண்டிகையை விட வேண்டியதில்லை; பண்டிகையைப் பண்டிகை நாளோடு நிறுத்த வேண்டும். பத்து நாளைக்குத் தூக்கு நிறையப் பலகாரம் சுட்டு வைப்பதுதான் கேடு. பழவேற்காட்டில் கோயிலும் மசூதியும் மாதா கோயிலும் உள்ளன. தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று தட்டு வீட்டுக்கு வீடு போகும் உறவு உயர்ந்தது. அந்தத் தட்டில் பலகாரம் பாதி, பழமும் வேர்க்கடலையும் பாதி இருந்தால் உறவு குறைந்துவிடாது.

ஒரு கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 135 கலோரி. எனவே மடவையையும் கிழங்கானையும் பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல். நல்ல மீனையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு வீட்டார் வெறும் சோற்றால் வயிற்றை நிரப்புவது லாபமன்று. ஒரு பங்கு வீட்டுக்கு நிற்க வேண்டும். மழை நாளிலும் கரையில் அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது நலம்.

எடை பார்க்கத் தராசு இல்லையே என்ற கவலை வேண்டாம். அரைஞாண் கயிறு இறுகுகிறதா என்று பார்த்தாலே போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வாசலுக்கு வரும்போது சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொள்வதில் வெட்கம் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், காசநோய்க்கு மருந்து உண்பவர்கள் ஆகியோர் உணவைக் குறைக்கவே கூடாது.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2024, 2025 பொங்கல் தொகுப்புகளில் பச்சரிசியும் சர்க்கரையும் ஒரு கிலோ வீதம், கரும்போடு வழங்கப்பட்டன. சர்க்கரையைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பாசிப்பயறு வைத்தால் என்ன? சம்பாவுக்குப் பின் பயறு விதைக்கும் சிறு விவசாயிக்கு விலை கிடைக்கும். குப்பத்துக் குழந்தைக்குச் சத்துக் கிடைக்கும்.

பழவேற்காட்டு மீனவருக்கு அளவு புதிதல்ல. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வகுத்த 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு. ஏரிக்கு முறை வைத்தவர்களால் தட்டுக்கும் முறை வைக்க முடியும். இந்தப் பொங்கலுக்கே அதைத் தொடங்குவது நன்று.