மிச்சத்தில் கிடைத்த பாடமா?

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகள் பலர் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, பி.காம். கேட்டேன், கிடைக்கல. எகனாமிக்ஸ்தான் இருக்குன்னுட்டாங்க." அதே வீட்டுத் தங்கைக்கு வேறு பேச்சு: "மாண்டிசோரி டிரெயினிங் முடிச்சாப் போதும், பொம்பளப் புள்ளைக்கு ஏத்த வேலை." அண்ணனுக்கு மிச்சத்தில் விழுந்தது பொருளியல். தங்கை தள்ளிவிடப்பட்டது மழலையர் கல்விக்கு. இந்த இரண்டையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறோம்.

சுணங்கி நிற்கும் தம்பிக்கு முதலில் ஒரு செய்தி. அண்ணல் அம்பேத்கர் சட்டத்துக்கு முன்பே பொருளியல் படித்தவர். 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ., 1923இல் லண்டனில் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு டி.எஸ்சி. இடையில், 1918இல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி இதே பாடத்தை நடத்தினார். அங்கே ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். முதலாண்டு வகுப்பில் வேலைப் பிரிவினை என்றால் ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை வரும். இந்தப் பானை வராது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கிவிட்டது என்று 1936இல் அண்ணல் எழுதியதையும் குண்டூசிக்குப் பக்கத்தில் வைத்து நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

குண்டூசிக்காக ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. களிமண் கரைசலை அச்சில் ஊற்ற ஒருவர், காய்ந்ததும் விளிம்பைச் சுரண்ட ஒருவர், மெருகு பூச ஒருவர், சூளையில் அடுக்க ஒருவர். எந்த வேலை யார் கைக்கு வருகிறது, சூளை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: பொம்மைக்கு வண்ணம் பூசும் அம்மாவின் இரண்டு வயதுக் குழந்தை இப்போது எங்கே?

வீட்டுப் பணிப்பெண்ணை முதலாளி மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ என்ற பொருளியலாளர் காட்டிய முரண் முதலாண்டிலேயே வரும். வகுப்பு சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அம்மா பூசும் பொம்மை கணக்கில் வருகிறது. அவளுக்காகக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பாட்டியும், பள்ளிக்கு மட்டம் போட்ட அக்காவும் கணக்கில் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் 50 தொழிலாளர்களுக்கு மேல் என்று வைத்தது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டுமே பொருந்தாது. அங்கே சிலிக்கா தூசியில் விளையாடும் குழந்தை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது.

அப்புறம் இருப்பது அங்கன்வாடி. அந்தப் பெயருக்குப் பின்னால் தாராபாய் மோதக் இருக்கிறார். பள்ளிக்கு வராத பழங்குடிக் குழந்தைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனவர். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி அந்தப் பெயர் நாடெங்கும் பரவியது. ஆனால் முற்றம் யாருடையது? ஊர்த்தெருவில் கட்டினால் நம் குழந்தை ஓரத்தில் உட்கார்கிறது. காலனியில் கட்டினால் ஊர்க் குழந்தை வருவதில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்ததை மறந்துவிட்டோமா? மழலையர் கல்வி வகுப்பு 'குழந்தை' என்று சொல்லும்போது அதற்குத் தெருவே இல்லாததுபோல் பேசுகிறது.

அந்தக் குழந்தைகளோடு நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு ஒன்றிய அரசு கொடுப்பதன் பெயர் ஊதியம் இல்லை, 'மதிப்பூதியம்'. அவருக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு ஏத்த வேலை" என்பதன் விலை இதுதான், தங்கையே.

இரண்டு பாடமும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. 1962இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு. அதற்குச் செலவிட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை பலன் தந்தது என்று நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் குழுவினரும் கணக்கிட்டார்கள். மேடைகளில் இந்த விழுக்காடு வருகிறது. ஆய்வில் இருந்த 123 குழந்தைகளும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் என்பது வருவதில்லை. பலன் எவ்வளவு என்று கணக்குக் காட்டினால்தான் நம் பிள்ளைக்கு முட்டையும் பாயும் என்றால், அந்தக் கணக்கில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நிதி கேட்டுப் போகும் இடத்தில் அந்தக் கணக்கைப் பேசத் தெரிந்த ஆள் நம் தெருவிலிருந்து வேண்டும்.

முதல் பருவத்தில் எப்படியும் அசைன்மென்ட் கேட்பார்கள். அண்ணனும் தங்கையும் ஒரு நோட்டோடு பட்டறைப் பக்கம் போங்கள். எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள், பக்கத்து அங்கன்வாடி எந்தத் தெருவில், அங்கே யார் சமைக்கிறார்கள், யார் சாப்பிடுவதில்லை என்று எழுதுங்கள். பேராசிரியர் வாங்க மறுத்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள், மனுவாக்கி மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம்.