மரத்தூளில் பெட்ரோல் கனவு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் பைன் காடுகளின் பூமி. அறுத்தது போக மிஞ்சும் பட்டை, தூள், கிளைகளை எத்தனாலாக்கிவிட்டால் எரிபொருள் கவலை தீரும் என்பது அங்கே பலகாலப் பேச்சு. 2006-ல் அதிபர் புஷ்ஷே, மரச்சில்லு எத்தனாலை ஆறே ஆண்டில் விலைபோகும் சரக்காக்குவது இலக்கு என்று அறிவித்தார்.

முதல் வாதம், கழிவு சும்மா கிடக்கிறது என்பது. கிடக்கவில்லை. மரஅறுவை ஆலைகளின் பட்டையும் தூளும் அவற்றின் கொதிகலன்களிலேயே எரிகின்றன. சில்லுகளைக் காகித ஆலைகள் காசு கொடுத்து வாங்குகின்றன. உண்மையில் மிஞ்சுவது காட்டில் சிதறிக் கிடக்கும் நுனியும் கிளையும்தான். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். லாரிக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார். ஆலையைப் பெரிதாகக் கட்டினால் லிட்டருக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் மரத்தை இன்னும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும்.

தொழில்நுட்பம் தயார் என்பது அடுத்த வாதம். ஒரு வகையில் நூறாண்டுக்கு முன்பே தயார்தான். 1910 வாக்கிலேயே தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுனில் மரத்தூளை அமிலத்தில் வேகவைத்துச் சாராயம் எடுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலை மூடப்பட்டது. மரத்தில் கால் பங்குக்கு மேல், நார்களைப் பிணைக்கும் லிக்னின். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் அதைச் சீந்தாது.

ஈஸ்ட்டே வேண்டாம், மரத்தைச் சூடேற்றி வாயுவாக்கி வினையூக்கியால் ஆல்கஹாலாக்குகிறோம் என்று வந்தது ரேஞ்ச் ஃபியூல்ஸ். 2007-ல் ஜார்ஜியாவின் சோப்பர்டனில் கட்டுமானம் தொடங்கியது. ஆண்டுக்கு 10 கோடி காலன் என்று பேச்சு. எரிசக்தித் துறை 7.6 கோடி டாலர் வரை மானியம் தருவதாகச் சொன்னது. வேளாண் துறை 8 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2010-ல் வெளிவந்தது மெத்தனால். எத்தனாலைப் பெயருக்கு ஒருமுறை வடித்துவிட்டு 2011-ல் ஆலை மூடிக்கொண்டது. மறு ஆண்டு அதை லான்சாடெக் நிறுவனம் வாங்கிய விலை 51 லட்சம் டாலர். காய்லாங்கடைக் கணக்கு!

அரசு கட்டாயமாக்கினால் ஆலைகள் தானாக முளைக்கும் என்றும் சொன்னார்கள். கட்டாயமாக்கியும் பார்த்தாயிற்று. மரம், வைக்கோல் போன்றவற்றிலிருந்து 2010-ல் 10 கோடி காலன் எரிபொருள் வேண்டும் என்றது 2007-ம் ஆண்டுச் சட்டம். சுற்றுச்சூழல் முகமை அதை 65 லட்சமாக வெட்டியது. அந்த அளவும் எட்டப்படவில்லை.

மர எத்தனால் நடக்கவே நடக்காது என்பதல்ல என் கட்சி. நார்வேயின் போரெகார்ட் ஆலை 1938 முதல் ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அங்கே மரம் வருவது எத்தனாலுக்காக மட்டுமல்ல. கூழ் ஒரு பக்கம் விலையாகிறது; ஈஸ்ட் தொடாத லிக்னின் கான்கிரீட் கலவைக்கும், ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வெனிலினுக்கும் போகிறது. கூழ் எடுத்த கழிநீரில் தங்கிய சர்க்கரையே எத்தனாலாகிறது. சோப்பர்டனிடம் விற்பதற்கு ஆல்கஹாலைத் தவிர வேறு சரக்கு இருக்கவில்லை.