நூலக வரி கட்டுகிறோம்; பொருளாதாரம் படிக்க நூல் எங்கே?

2011-12இல் இந்தியாவில் ஏழைகள் எத்தனை சதவீதம்? டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9. ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5. இரண்டுமே அரசு அமைத்த குழுக்கள். வறுமைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் அவை வேறுபட்டன. அந்தக் கோடு சற்று நகர்ந்ததும் கோடிக்கணக்கானோர் ஏழைகள் கணக்கில் சேர்கிறார்கள். ஏன் என்று விளக்குவதுதான் நல்ல அறிமுக நூலின் வேலை. கடைகளில் குவிந்திருக்கும் தேர்வு கைடுகளோ, ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அது எந்தக் குழுவின் கணக்கு என்றுகூடப் பலவற்றில் இருப்பதில்லை.

சமூகவியலின் கதி இன்னும் மோசம். 'சமூகவியலின் தந்தை அகஸ்டே காம்ட்' என்பதைத் தாண்டி நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? தற்கொலை போன்ற தனிமனித முடிவுக்குப் பின்னாலும் சமூகக் காரணங்கள் உண்டு என்று சமூகவியலாளர் துர்க்கைம் 1897இலேயே காட்டினார். கைடில் அது ஒரு மதிப்பெண் வினா.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரிப் படிப்புக்கான தமிழ் நூல்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் ஆர்வத்தோடு வெளியிட்டது. அவற்றில் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பழைய பொருளாதார நூல்களில் எப்போதோ கலைக்கப்பட்டுவிட்ட மத்தியத் திட்டக்குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2017இல் வந்த ஜிஎஸ்டி இல்லை. வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர் அதையே இன்றைய நிலவரம் என்று நம்பினால் அது யார் குற்றம்?

எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராம ஆய்வுகளைத் தொடங்கினார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் எனப் பல ஊர்களில் நிலம், கூலி, கடன் எல்லாம் பதிவாயின. பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போய் மாற்றங்களை அளந்தார்கள். ஒரு நூற்றாண்டின் கிராம வரலாறு அது. இருவேல்பட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண் அதைத் தமிழில் கேட்டால் எடுத்துக் கொடுக்க நூலகரிடம் என்ன இருக்கிறது? தமிழில் எழுத முடியாத விஷயமும் அல்ல இது. பொருளியல் பேராசிரியர் எஸ். நீலகண்டன் ஆடம் ஸ்மித் முதல் மார்க்ஸ் வரை தமிழிலேயே தெளிவாக எழுதிக் காட்டியிருக்கிறார். அவரைப் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதுதான் குறை.

1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரி கட்டும்போதெல்லாம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஆகவே நல்ல நூல்களைக் கேட்பது சலுகை கேட்கும் விஷயமல்ல. இன்று பாடநூல் கழகம் எனப்படும் அந்தப் பாடநூல் நிறுவனம் இரு துறைகளிலும் புதிய அறிமுக நூல்களை எழுதவைக்க வேண்டும். துறை அறிஞர் ஒருவர் சரிபார்த்து, தம் பெயரையும் அதில் போட வேண்டும். புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்று அச்சிட வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ள என்சிஇஆர்டி சமூகவியல் நூல்களை அனுமதி பெற்று மொழிபெயர்ப்பதில் தொடங்கலாம். அடுத்த நூலகக் கொள்முதலுக்குள் இது நடக்க, ஊர்தோறும் உள்ள வாசகர் வட்டங்கள் தீர்மானம் போட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டும்.