ஒப்புவித்தலில் அடங்கா அறம்

அறம் சொல்லிக் கொடுக்கத்தக்கதா, பழகிப் பெறத்தக்கதா என்னும் வினா கல்வியுலகில் மிகப் பழமையானது. இதற்கு விடை காண விழைவோர் குவேக்கர் நெறியினரின் தொடக்க வகுப்புகளை நோக்குதல் நன்று.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோர் தோற்றுவித்த ‘நண்பர்கள் சங்கம்’ என்னும் கிறித்தவப் பிரிவினரே குவேக்கர் எனப்படுவர். ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறையொளி உண்டு என்பது அவர்தம் அடிப்படை நம்பிக்கை. அமெரிக்காவிலுள்ள அவர்தம் பள்ளிகளில் எளிமை, அமைதி, வாய்மை, கூட்டுணர்வு, சமத்துவம், பொறுப்புடன் பேணல் என்னும் ஆறு விழுமியங்கள் சிறார்க்கு உணர்த்தப்படுகின்றன. இவற்றின் ஆங்கிலப் பெயர்களது முதலெழுத்துகளைக் கோத்தால், நறுமணச் சரக்குகளைக் குறிக்கும் ‘ஸ்பைசஸ்’ என்னும் சொல் அமையும். குழந்தைகள் நினைவிற் கொள்ள இஃது எளிய வழியே. ஆயினும் இடர் இங்கேதான் தொடங்குகிறது. ஆறு சொற்களை ஒப்பித்த குழந்தை ஆறு பண்புகளையும் பெற்றுவிட்டதாக ஆசிரியர் மயங்கிவிடக் கூடும்.

கொள்கை மட்டும் போதாது என்பதற்கு வரலாறே சான்று. 1798இல் இலண்டனில் ஏழைச் சிறார்க்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் குவேக்கர் நெறியினர். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் பரப்பினார். சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், அத்தகைய முறையைப் பற்றி 1797இலேயே நூல் வெளியிட்டிருந்தார். லங்காஸ்டர் பிரம்படியை வெறுத்தார். எனினும், தவறிழைத்த சிறுவனைக் கூடையிலிட்டு மேற்கூரையில் தொங்கவிடும் தண்டனையை வகுத்தார். உடலில் அடி விழவில்லை, உள்ளத்தில் விழுந்தது. இறையொளி உறையும் உள்ளம் அச்சிறுவனுக்கும் உண்டு என்பதை அவர் மறந்தார் போலும்!

இதற்கு மாறாக, குவேக்கர் பள்ளிகளில் நிகழும் மௌன வழிபாட்டைக் காண்க. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே பேசாது அமர்கின்றனர். உள்ளம் உந்தினால் எவரும் எழுந்து பேசலாம். ஏழு வயதுச் சிறுமிக்கும் தலைமையாசிரியருக்கும் அவ்வுரிமை ஒன்றே. பிரம்புக்கு அஞ்சி வாய்பொத்தியிருக்கும் அமைதி வேறு. ஆசிரியரும் உடனிருந்து காக்கும் இவ்வமைதி வேறு. சமத்துவம் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதாமலே குழந்தை அதனை இங்கு உணர்கிறது. இப்பள்ளிகளில் பயில்வோருள் பெரும்பாலோர் பிற நெறியினர் என்பதும் கருதத்தக்கது. தத்தம் சமயத்தை விடாமலே அவர்கள் அம்மௌனத்தில் பங்கு கொள்கின்றனர்.

வாய்மையும் அத்தகையதே. என்றும் உண்மையே பேசுவோர்க்கு ஆணை எதற்கு என்று கூறி, நீதிமன்றத்திலும் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்துச் சிறை புகுந்தோர் முற்காலக் குவேக்கர். அவ்வரலாற்றைக் கதையாகச் சொல்லலாம். ஆனால், “கண்ணாடியை உடைத்தவன் நான்தான் ஐயா” என்று தானே முன்வந்து கூறும் குழந்தையை ஆசிரியர் கடிந்து ஒறுத்தால், அக்கதை அன்றே பொய்யாகிவிடும்.

ஆகவே, விழுமியக் கல்வியின் பாடநூல் ஆசிரியரின் நடத்தையே என்பது என் துணிபு. மாணவர் எத்தனை பண்புகளை ஒப்புவித்தனர் என்று எண்ணுவதைவிட, தவற்றை ஒப்புக்கொள்ள எத்தனை பேர் அஞ்சாதிருந்தனர் என்று நோக்குவதே ஆசிரியர்க்கு அழகு.