பின் சீட்டுக்காரரின் முதுகு

புல்லட் வாங்கியவுடன் நம்மூர்ப் பையன்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? சைலன்ஸரை மாற்றுவது. அடுத்தது, பின்னால் ஒரு பேக்ரெஸ்ட் வைப்பது. முதலாவது ஊருக்கே கேட்கும், போலீஸுக்கும் கேட்கும். இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. குஷன் பளபளப்பாக இருக்கிறதா, கம்பி மின்னுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காசு போட்டு பேக்ரெஸ்ட் வைக்கிறவர் ஒருநாளும் அதில் சாய்வதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார். சாய்வது அம்மா, அல்லது அப்பா, அல்லது புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த மனைவி. அழகு ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு. வணிகவியல் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போகிற ஒப்பந்தத்தில் முதலாமவர் கவனமாக இருக்கமாட்டார் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதை இங்கே இழுக்க வேண்டாம், பரீட்சைக்கு வைத்துக்கொள்ளலாம் :-)

செங்கம் மாதிரி ஊரில் இது வெறும் ஃபேஷன் சமாச்சாரம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற நெடுஞ்சாலை ஊர் வழியாகத்தான் போகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கும், கலெக்டர் ஆபீஸுக்கும், காலேஜுக்கும் திருவண்ணாமலைதான், ஏறக்குறைய 35 கி.மீ. பஸ் இருக்கிறது; ஆனால் வயதான அம்மாவை நின்றுகொண்டு கூட்டிப்போக மனசு வராதவர்கள் வண்டியில்தான் உட்காரவைத்துப் போகிறார்கள். பௌர்ணமி கிரிவலம் என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொரு பக்கம் பரமனந்தல் தாண்டி ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகிற ரோடு. ஏற்றம், வளைவு, மறுபடி ஏற்றம். அந்த ரோட்டில் பின் சீட்டில் இருப்பவருக்கு முதுகுக்கு ஏதாவது ஒரு தாங்கல் இருந்தால் நிம்மதி என்பதில் சந்தேகமே இல்லை.

(மலைப்பாதைக்கு எச்சரிக்கை சொல்வது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவில் இருந்த நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு, 583 அடி. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்பார்கள். வழியில் எங்கெங்கே என்னென்ன ஆபத்து, எங்கே பார்த்துக் கால் வைக்கவேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார் புலவர். அவர் காலத்தில் பின் சீட்டு இல்லை.)

ஆக, பேக்ரெஸ்ட் தேவை. பிரச்சினை அதை எதில் மாட்டுகிறோம் என்பதில்.

பொதுவாக நடப்பது இதுதான். ஆக்சஸரீஸ் கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்குகிறார்கள், அல்லது கேட், ஜன்னல் கிரில் அடிக்கிற வெல்டிங் பட்டறையில் எஸ்.எஸ். பைப்பை வளைத்துச் செய்துகொள்கிறார்கள். பிறகு அதை மாட்ட மூன்று இடங்களில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: பின் மட்கார்டு, கேரியர், அல்லது பின் கைப்பிடி. மூன்றுமே மனுஷன் சாய்வதற்காகச் செய்தவை இல்லை. மட்கார்டு சேறு தெறிக்காமல் இருக்க வைத்த தகடு. கேரியர் மேலிருந்து கீழே அழுத்துகிற சுமைக்கு. கைப்பிடி, கையால் பிடிக்க.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயப்படவேண்டாம், எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான். பின்னால் இருப்பவர் 60 கிலோ. சிக்னலில் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி பாய்கிறது. புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு முடுக்கம் என்று வைத்துக்கொண்டால் 18 கிலோ விசையோடு அவர் பின்னால் சாய்வார். அதுவே மலை ஏற்றமாக, நூறு அடிக்குப் பத்தடி உயர்கிற ரோடாக இருந்தால், இன்னொரு 6 கிலோ. ஆக 24. அந்த நேரத்தில் பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் நொடிப்பொழுது அது இரண்டு மடங்காகும். சுமாராக 50 கிலோ.

ஐம்பது கிலோதானே, ஒரு சிமெண்ட் மூட்டை என்று தோன்றும். ஆனால் முதுகு படுகிற இடம் போல்ட்டிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்கிறது. போல்ட்டுகளுக்கு இடையே இருப்பது 5 செ.மீ. 30-ஐ 5-ஆல் வகுத்தால் 6. அடியில் இருக்கிற போல்ட்டில் விழும் இழுப்பு 300 கிலோ! அடுத்த பள்ளத்தில் மறுபடி. அடுத்த வேகத்தடையில் மறுபடி. திருவண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் எத்தனை வேகத்தடை என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த 300 கிலோவுக்கு நல்ல போல்ட் அசையாது. தலையில் 8.8 என்று அச்சடித்த 8 மி.மீ. போல்ட் ஒன்று இரண்டு டன் இழுப்பைத் தாங்கும். கிழிவது தகடுதான். மட்கார்டு ஓட்டையைச் சுற்றி முதலில் பெயிண்ட் மயிரிழையாக வெடிக்கும். பிறகு தகட்டில் விரிசல். பிறகு ஒருநாள் போல்ட், நட், வாஷர் எல்லாம் கெட்டியாக இருக்க, தகட்டைப் பிய்த்துக்கொண்டு மொத்தமும் பின்னால் போகும். அதில் சாய்ந்திருப்பவரும் கூடவே போவார்.

இங்கேதான் யோசிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. பேக்ரெஸ்ட்டே இல்லாத வண்டியில் பின்னால் இருப்பவர் உஷாராக இருப்பார். ஓட்டுகிறவர் தோளையோ கைப்பிடியையோ பிடித்திருப்பார், பள்ளம் வந்தால் உடம்பை இறுக்கிக்கொள்வார். பேக்ரெஸ்ட் வைத்தவுடன் அந்த உஷார் போய்விடுகிறது. கையை எடுத்து மடியில் இருக்கிற பையைப் பிடித்துக்கொள்கிறார். போன் பேசுகிறார். மலை இறங்கி வருகிற களைப்பில் கண்ணையும் மூடுகிறார். நம்பிச் சாய்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியில்லாத கம்பியை வைப்பதைவிட வைக்காமலே இருப்பது எவ்வளவோ மேல்.

சரி, எதில்தான் மாட்டுவது? சேஸில். வண்டியின் எலும்புக்கூடு அதுதான். சீட்டுக்கு அடியில் பின்னால் வரை ஓடுகிற இரண்டு பைப், அதில் ஷாக் அப்சார்பர் மேல்முனை மாட்டுகிற இடம், கம்பெனியே கேரியருக்கோ கைப்பிடிக்கோ விட்டிருக்கிற தடித்த காதுகள் – இவைதான் தாங்கும். ஒவ்வொரு பக்கமும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என நாலு இடத்தில் பிடிக்கவேண்டும். ஒரு பக்கத்து இரண்டு பிடிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேலே போட்ட கணக்கில் 5 செ.மீ. இருந்த இடத்தில் 20 செ.மீ. ஆக்கிப் பாருங்கள், 300 கிலோ 75 ஆகிவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு இது, கொஞ்சம் நீளமான பட்டை மட்டும் போதும். நிமிர்ந்து நிற்கிற கம்பிக்கு ஒரு சாய்வுக் கம்பி முட்டுக் கொடுத்து முக்கோணமாக்கினால் இன்னும் விசேஷம். பந்தல்காரர் மூங்கிலுக்கு முட்டுக் கொடுப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான். ஷாக் அப்சார்பர் போல்ட்டோடு சேர்த்து மாட்டுவதாக இருந்தால், பட்டையின் கனத்துக்கு ஏற்ப நீளமான போல்ட் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு நட்டை இரண்டு மரையில் தொங்கவிடுகிற மகானுபாவர்கள் உண்டு.

நட் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டி அதிர்கிற பொருள், புல்லட் கேட்கவே வேண்டாம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போடவேண்டும், சும்மா நட் தானாகக் கழன்றுகொள்ளும். பத்து ரூபாயில் முடிகிற விஷயம்.

வெல்டிங்? வேண்டாம். பேக்ரெஸ்ட்டின் கம்பிகளுக்குள் பற்றவைத்துக்கொள்ளட்டும், சேஸில் நெருப்பு வைக்கக்கூடாது. பற்றவைத்த இடத்தை ஒட்டிய பைப் சூட்டில் குணம் மாறி, பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். வண்டியின் பேட்டரியைக் கழற்றாமல், பெட்ரோல் டேங்கை இறக்காமல் பொறி பறக்கவிடுவது இன்னொரு தனி ஆபத்து. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு எதிராக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஸ்பேனரால் கழற்றி மாட்டுகிற சாய்மானம் ஒரு ரகம், சேஸின் வாலை அறுத்துச் சுருக்கி வளையம் பற்றவைப்பது வேறு ரகம். இரண்டாவதை ‘கஸ்டம் பைக்’ என்று போட்டோ எடுத்துப் போட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அது தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கம்பிக்கு ‘சிஸ்ஸி பார்’ என்று பெயர். பயந்தாங்கொள்ளிக் கம்பி என்று சொல்லலாம். கிண்டலாக வைத்த பெயர்தான். 1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்துக்குப் பிறகு நெடிய கம்பியோடு நிற்கும் சாப்பர் வண்டிகள் உலகம் பூராவும் பிரபலமாயின. நம்மூரில் 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சரில் கம்பெனியே பேக்ரெஸ்ட் வைத்துக் கொடுத்தது. அந்த மாதிரி வண்டிகளில் சீட்டு, ஃபுட்ரெஸ்ட், பின் சேஸ் எல்லாம் அதற்கென்றே யோசித்துச் செய்தவை. படத்தைப் பார்த்து அதே உயரக் கம்பியை ஸ்ப்ளெண்டரில் வைத்தால் சரியாக வராது. உயரம் கூடக்கூட நெம்புகோலும் கூடும். இடுப்புக்கு மேலே ஆரம்பித்துத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே முடிகிற குஷன் போதும், தலைக்கு மேலே கம்பி எதற்கு?

அமெரிக்கக் கம்பியை அப்படியே கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல். அங்கே பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார். செங்கத்தில் சேலை கட்டிய அம்மாக்கள் இடது பக்கமாக இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்காருகிறார்கள். அப்போது அந்தக் குஷன் முதுகுக்கு வராது, இடது தோளுக்குத்தான் பக்கத்தில் வரும். வலது கை மகன் தோளில். இடது கைக்கு? சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கைப்பிடிதான். பேக்ரெஸ்ட் வைப்பதற்காக முதலில் கழற்றி எறிவது எது தெரியுமா? அந்தக் கைப்பிடியைத்தான்! ஸ்டைலுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அடுத்தது சேலை கார்டும் போகும். முந்தானை சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மூடுகிற தடுப்பு – மூன்றும் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123-ஆம் விதி சொல்கிறது. வண்டிக் கம்பெனிகளே இதில் அசட்டையாக இருந்தன. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2008-இல் விதியை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்ல, கம்பெனிகள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-இல் தோற்றது. பத்து வருஷ வழக்கு நடத்தி நிலைநாட்டிய கைப்பிடியைப் பட்டறையில் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுகிறோம்.

ஏறி இறங்குவதும் கஷ்டம். வேட்டி கட்டிய அறுபது வயதுக்காரர் காலைப் பின்பக்கமாகச் சுழற்றித்தான் இறங்குவார். அங்கே இப்போது ஒரு கம்பி நிற்கிறது. குதிகால் இடித்தால் வண்டியோடு சாய்வார். இதையெல்லாம் கடையில் நின்று குஷன் கலர் தேர்ந்தெடுக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

அதனால் பட்டறைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போகலாம். (சிரிக்காதீர்கள். ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க அவர்தானே போகிறார்?) சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவர் எப்போதும் உட்காருகிற மாதிரி உட்காரட்டும். கை எங்கே போகிறது என்று மெக்கானிக் பார்க்கட்டும். ஒருமுறை ஏறி இறங்கட்டும். மாட்டி முடித்தபின் கம்பியின் உச்சியை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக ஆட்டிப் பார்க்கவேண்டும். வண்டி மொத்தமும் சேர்ந்து ஆடினால் சரி, கம்பி மட்டும் ஆடினால் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நூறு கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருதடவை இறுக்கவேண்டும். திருவண்ணாமலைக்கு இரண்டு தடவை போய்வந்தால் நூறு தாண்டிவிடும். அந்த இரண்டு தடவையும் பின் சீட்டில் யாரையும் ஏற்றாமல் ஒரு அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர் புத்திசாலி.